மேலே கம்பி, கீழே பாண்ட்: காட்பாடி லேஅவுட்டில் மின்பாதை வேலை

என் மாடல் ரயில் லேஅவுட்டில் கம்பமெல்லாம் நட்டு, கம்பி இழுத்து, எஞ்சினின் பேன்டோவையும், அதாவது கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கிற கூரைக் கையையும், தூக்கி வைத்துவிட்டு, இனி இதில் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு மாமா மாடிக்கு வந்தார். ரயில்வேயில் டிஆர்டி பிரிவில், அதாவது மேலே ஓடும் மின்கம்பியைப் பராமரிக்கிற பிரிவில், வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு அடி பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்தபடியே பார்த்துக்கொண்டு போனார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்: "கம்பியெல்லாம் நல்லாத்தான் இழுத்துக்கீற தம்பி. கரண்ட் எந்த வழியா திரும்பிப் போவுது?"

என்னிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், ஒரு சர்க்யூட் என்றால் போன கரண்ட் திரும்பி வர வேண்டும். மேலே ஒரே ஒரு கம்பியில் 25,000 வோல்ட் வருகிறது, எஞ்சின் அதை எடுத்துக்கொள்கிறது, அப்புறம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி அங்கிருந்து சப்-ஸ்டேஷனுக்குத் திரும்புகிறது. அதனால் மின்மயமான பாதையில் தண்டவாளமும் சர்க்யூட்டில் பாதி. ஜாயின்டுக்கு ஜாயின்டு கரண்ட் தடைப்படாமல் போக பாண்ட், அதாவது உலோக இணைப்பு, போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கம்பத்தையும் ஒரு இரும்புப் பட்டையால் தண்டவாளத்தோடு கட்டியிருப்பார்கள், அதுவும் பாண்ட்தான். மேலே ஒரு இன்சுலேட்டர் உடைந்து கம்பத்துக்குக் கரண்ட் வந்துவிட்டால், அந்தப் பட்டை வழியாக அது தண்டவாளத்துக்கு ஓடி, சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் விழ வேண்டும். இல்லையென்றால் அந்தக் கம்பத்தைத் தொடுகிறவர் கதி அவ்வளவுதான். இத்தனையும் என் லேஅவுட்டில் இல்லை. மாமா சொல்லும் வரை, ஏன் என்னுடையது பார்க்க பொம்மை மாதிரியே இருக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. நான் முழுக்க முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு காட்பாடி ஜங்ஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்திலிருந்தும் நடைமேம்பாலத்திலிருந்தும் பார்த்தாலே போதும், இதற்காகத் தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. நடைமேம்பாலத்தில் நிற்கும்போது குடையையோ செல்ஃபி குச்சியையோ வெளியே நீட்டாதீர்கள். கரண்ட் உள்ள கம்பிக்கு 2 மீட்டருக்குள் எதுவும் போகக் கூடாது என்பதுதான் விதி, தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை.

இந்த முறை கீழேயே பார்த்தேன். கம்பம் மண்ணில் இறங்கும் இடத்தில் சிமென்ட் தலை ஒன்று, அதன் மேல்பக்கம் தண்ணீர் நிற்காமல் வழிய நாலு பக்கமும் சரிவு. அதை ஒட்டிக் கம்பத்தின் காலில் ஒரு போல்ட், போல்ட்டிலிருந்து பட்டை புறப்பட்டு ஜல்லிக்குள் பாதி புதைந்து, ஒரு ஸ்லீப்பரை ஒட்டியே போய், தண்டவாளத்தின் நடுத்தண்டில் இன்னொரு போல்ட்டில் முடிகிறது. பட்டையின் மேல் பிரேக் தூள் படிந்து தண்டவாளத்தின் பழுப்பும் அதன் பழுப்பும் ஒன்றாகிவிட்டது. தேடாதவர் கண்ணுக்கு அது தெரியாது. தேடினவனுக்கு அப்புறம் எங்கே பார்த்தாலும் அதுதான் தெரிகிறது.

கம்பத்துக்குக் கம்பம் தூரம் அளக்க ஒரு வழி இருக்கிறது. கான்கிரீட் ஸ்லீப்பர் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று வரும், ஸ்லீப்பரை எண்ணினால் போதும். நான் எண்ணிய இடத்தில் 90 வந்தது, அதாவது 54 மீட்டர். இந்தத் தூரம் எப்போதும் 4.5 மீட்டரின் மடங்காக வைக்கப்படுகிறது, அதிகபட்சம் 72 மீட்டர், வளைவில் குறையும். நான் செய்வது எச்ஓ அளவு, 87-ல் ஒரு பங்கு. 54 மீட்டருக்கு 62 சென்டிமீட்டர் வருகிறது, என் பலகைக்கு அது கொஞ்சம் இடித்தது, ஒரு படி குறைத்து 49.5 மீட்டர், அதாவது 57 சென்டிமீட்டர் என்று வைத்தேன். கம்பத்துக்குக் கம்பம் உள்ள இடைவெளிதான் ஸ்பான்; ஆறு ஸ்பான், ஏழு இடம். நடு இடத்தில் இரண்டு பாதைக்கும் சேர்த்து ஒரு போர்ட்டல், அதாவது இரண்டு காலும் மேலே குறுக்குச் சட்டமும் உள்ள வாசல் மாதிரியான அமைப்பு, மீதி ஆறு இடத்தில் பாதைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கம்பம்.

மற்ற அளவுகளையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும். தண்டவாளத்தின் தலையிலிருந்து கான்டாக்ட் கம்பி, அதாவது பேன்டோ உரசுகிற கீழ்க் கம்பி, 5.6 மீட்டர், நமக்கு 64 மில்லிமீட்டர். கம்பத்தின் இடத்தில் அதைத் தாங்குகிற மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் நடுவே 1.4 மீட்டர், நமக்கு 16. ஸ்பானின் நடுவே மேல் கம்பி தொய்ந்து வருவதால் இடைவெளி குறையும், நான் 10 வைத்தேன். கீழ்க் கம்பி நேர் பாதையில் கூட நேராக ஓடாது, ஒரு கம்பத்தில் 20 சென்டிமீட்டர் இடது, அடுத்ததில் 20 சென்டிமீட்டர் வலது என்று வளைந்து வளைந்து போகும், பேன்டோவின் கார்பன் ஒரே இடத்தில் தேயாமல் இருப்பதற்காக. நமக்கு அது வெறும் 2.3 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன விஷயம் தெரியவா போகிறது என்று விட்டுவிடாதீர்கள், எஞ்சினுக்குப் பின்னாலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவதே அந்த வளைவுதான்.

கம்பம் செய்தது பித்தளை சேனலில். 1.5 மில்லிமீட்டர் சேனல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டங்கள் வளைவு வளைவாக ஏறிப் போக வேண்டும். ஒரு பிளைவுட் துண்டில் கணக்காக ஆணி அடித்து, மெல்லிய கம்பியை ஆணிக்கு ஆணி வளைத்துச் சுற்றி, அதன் மேல் சேனலை வைத்து சால்டர் வைத்தேன். முதல் கம்பத்துக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, பன்னிரண்டாவதற்கு முக்கால் மணி நேரம். இருபத்தைந்து வாட் அயர்ன் போதும், பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள், சால்டரைக் கஞ்சத்தனமாக வையுங்கள்.

கம்பிக்கு மோட்டார் ரீவைண்டிங் செய்கிற கடையில் வாங்கிய செம்புக் கம்பி. நிஜக் கான்டாக்ட் கம்பி சுமார் 12 மில்லிமீட்டர் தடிமன், அளவுப்படி நமக்கு 0.14 வர வேண்டும், 38-ஆம் நம்பர் கம்பி கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கை பட்டாலே அறுகிறது. அதனால் 36-ஆம் நம்பர் எடுத்தேன், 0.19 மில்லிமீட்டர், கருப்பு கலந்த பழுப்பு அடித்துவிட்டால் தடிமன் உறுத்தவில்லை. மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் இணைக்கும் டிராப்பருக்கு 42-ஆம் நம்பர். ஸ்பானுக்கு ஐந்து டிராப்பர். எல்லாவற்றுக்கும் மேலே எனாமல் பூச்சு இருக்கும், சால்டர் பிடிக்காது, பிடிக்க வேண்டிய இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டிக்கொள்ள வேண்டும். கம்பிச் சுருளில் இருக்கும் வளைவு போக, ஒரு முனையை வைஸில் கட்டி மறுமுனையைக் கட்டிங் பிளேயரில் பிடித்து மெல்ல இழுங்கள். ஒரு கட்டத்தில் கையில் சின்னதாக ஒரு இளக்கம் தெரியும், அங்கே நிறுத்தினால் கம்பி ஊசி மாதிரி நேராக இருக்கும்.

இன்சுலேட்டருக்கு லாங் பஜாரில் ஃபேன்சி கடையில் வாங்கிய பழுப்புப் பாசிமணி. மூன்று மணியைச் சின்னப் பித்தளைக் கம்பியில் கோத்து, ஒரு முனையைக் கம்பத்தோடும் மறுமுனையைக் கேன்டிலீவர் குழாயோடும், அதாவது கம்பத்திலிருந்து நீண்டு கம்பியைத் தாங்கும் கையோடும், சால்டர் வைத்துவிட்டால் பீங்கான் இன்சுலேட்டர் மாதிரியே பளபளக்கிறது. இந்த மணிதான் பிறகு என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

சரி, பாண்டுக்கு வருவோம். நிஜப் பட்டை 40 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் தடிமன். நமக்கு அகலம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. செம்புத் தகடு ஒட்டு டேப் வாங்கி, இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் வைத்து மெல்லிய நாடாவாக நறுக்கினேன். ஒரு முனை கம்பத்தின் காலில் சால்டர், மறுமுனை தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர். உலோகம் உலோகமாகவே இருக்கட்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். முன்பக்கப் பாதையின் கம்பங்கள் அந்தப் பாதையின் வெளித் தண்டவாளத்துக்கு, பின்பக்கப் பாதையின் கம்பங்கள் அதன் வெளித் தண்டவாளத்துக்கு. ஒவ்வொன்றும் முடிந்ததும் எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் முடிந்தது, ஓடியது. போர்ட்டலை அதுவரை பெயின்ட்டுக்காகக் கழற்றி வைத்திருந்தேன். அதைக் கொண்டு வந்து நட்டு, கம்பியைச் சேர்த்து, அதற்குப் பாண்ட் போடும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று கன்ட்ரோலரைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஷார்ட்.

போர்ட்டலில் இன்னும் பாண்டே போடவில்லை. அது பலகையில் ஒட்டியிருக்கிறது, தண்டவாளத்தைத் தொடவே இல்லை. அதைக் கழற்றினால் ஓடுகிறது, நட்டால் ஷார்ட். இரவு பதினொன்றரை வரை போர்ட்டலின் காலடியையே சுரண்டிக்கொண்டிருந்தேன், ஏதாவது சால்டர் துளி ஜல்லிக்குள் விழுந்து தண்டவாளத்தைத் தொடுகிறதா என்று. எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். கம்பத்துக்கும் மேலே ஓடும் கம்பிக்கும் நடுவே பீப் என்றது. அடுத்த கம்பம், பீப். எல்லாக் கம்பத்திலும் பீப். அப்போதுதான் உறைத்தது. மணி கண்ணாடி, அதில் கரண்ட் போகாது, உண்மைதான். ஆனால் மணிக்கு நடுவே நான் கோத்த பித்தளைக் கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அப்படியே போகிறதே! இன்சுலேட்டர் மாதிரி தெரிகிறது, இன்சுலேட்டராக இல்லை. ஆக, முன்பக்கப் பாதையில் தண்டவாளம், பாண்ட், கம்பம், மேல் கம்பி எல்லாம் ஒரே துண்டு. பின்பக்கப் பாதையிலும் அப்படியே. இவை இரண்டும் தனித்தனியாக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. போர்ட்டல் இரண்டு பாதையின் கம்பியையும் ஒரே பித்தளைச் சட்டத்தில் சேர்த்துப் பிடித்தது, முடிந்தது கதை.

இங்கே மாடல் ரயிலுக்கும் நிஜ ரயிலுக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். நிஜத்தில் தண்டவாளம் திரும்பிப் போகிற வழி மட்டும்தான், இரண்டு தண்டவாளத்தையும் பக்கத்துப் பாதைத் தண்டவாளத்தையும் சேர்த்துக் குறுக்குப் பாண்ட் போடலாம், போடுகிறார்கள். தண்டவாளத்தில் ரயில் நிற்பதை சிக்னலுக்குச் சொல்லும் ட்ராக் சர்க்யூட் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு தண்டவாளத்தை சிக்னலுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதில் பாண்ட் வரும். நம்முடையதில் 12 வோல்ட் இரண்டு தண்டவாளத்திலும் எதிரெதிராக ஓடுகிறது, ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். எனக்கு நடுவே ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு மாறும் கிராஸ்ஓவர் ஒன்று இருப்பதால் இரண்டு பாதைக்கும் முன்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவ். அப்படியானால் முன்பாதையின் வெளித் தண்டவாளம் பாசிட்டிவ், பின்பாதையின் வெளித் தண்டவாளம் நெகட்டிவ். நான் நிஜத்தைப் பார்த்து அப்படியே செய்தேன், அதனாலேயே ஷார்ட் ஆனது.

எல்லாச் செம்பு நாடாவையும் பிய்த்தேன். அதற்குப் பதிலாக வைத்தது காகிதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 6 மில்லிமீட்டர் பட்டை 87-ல் ஒரு பங்கு 0.07 மில்லிமீட்டர், சாதாரண ஜெராக்ஸ் காகிதம் 0.1. செம்பு டேப்பை விட இது வெட்டவும் எளிது. அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, ஃபெவிக்விக்கை ஒரு துளி தொட்டு ஓடவிட்டால் காகிதம் அதை உறிஞ்சி விறைத்துக்கொள்கிறது, நுனியை ட்வீசரில் பிடித்து நிஜப் பட்டை மாதிரியே மடிக்கலாம். கம்பத்தின் காலிலிருந்து இறங்கி, ஒரு மடிப்பு, ஸ்லீப்பரை ஒட்டி ஓட்டம், தண்டவாளத்தில் ஏற ஒரு மடிப்பு. போல்ட்டுக்கு ஊசி முனையில் ஒரு துளி ஃபெவிகால். முதலில் சாம்பல், மேலே தண்டவாளத்துக்கு அடித்த அதே துருப் பழுப்பு, கடைசியில் ஜல்லியைக் கொஞ்சம் மேலே தூவிப் பாதியைப் புதைத்துவிட வேண்டும். ஜல்லி இங்கே கல் உடைக்கிற இடத்திலிருந்து வாங்கிய தூள்தான், டீ வடிகட்டியில் சலித்து, வடிகட்டியில் தங்கியதை எடுத்தேன். பாண்ட் முழுக்கத் தெரிந்தால் புதிதாகப் போட்டது போல இருக்கும், பாதி மறைந்தால்தான் அந்த இடத்தில் பத்து வருஷமாகக் கிடந்தது போல இருக்கும்.

சிமென்ட் தலைக்கு சன்போர்டு, ஏழு மில்லிமீட்டர் சதுரம், மேலே நாலு பக்கமும் பிளேடால் சரிவு. நம்பர் பலகையை லேசர் பிரின்ட் எடுத்து ஒட்டினேன், மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டரில் எத்தனையாவது கம்பம் என்பது. காட்பாடி சென்னையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், அதனால் 129 என்று போட்டு, ஒரு பாதைக்கு ஒற்றைப்படை, மறு பாதைக்கு இரட்டைப்படை. இத்தனை சின்ன எழுத்தை யாரும் படிக்கப் போவதில்லை, ஆனால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் 129/14 என்று தெளிவாக நிற்கிறது, எனக்கு அதில் ஒரு நிறைவு.

பலகையின் இடது ஓரத்தில் லெவல் கிராசிங் ஒன்று இருக்கிறது. மின்பாதை போகிற லெவல் கிராசிங் என்றால் சாலையின் இரண்டு பக்கமும் உயரத் தடுப்பு இருந்தே ஆக வேண்டும், 4.67 மீட்டர். நமக்கு 54 மில்லிமீட்டர். வைக்கோல் ஏற்றிய லாரியும் கரும்பு லாரியும் போகிற நம் ஊர்ப் பக்கம் அந்தத் தடுப்பில்லாமல் ஒரு கேட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, முன்பு நான் வைக்காமல் விட்டிருந்தேன். குறுக்குச் சட்டத்திலிருந்து தொங்கும் கம்பிகளை டிராப்பர் கம்பியின் மிச்சத்தில் செய்தேன்.

இதோடு முடிந்திருக்கும், நடுவில் கத்திரி வெயில் வந்துவிட்டது. என் அறை மொட்டை மாடியில், மேலே நேராகத் தளம். பிப்ரவரி இரவில் இழுத்துக் கட்டிய கம்பி மே மாத மதியத்தில் கொடி மாதிரி தொங்கியது. செம்பு சூட்டில் நீளும், பலகை அவ்வளவு நீளாது. பதினாறு டிகிரி வித்தியாசத்துக்கு மூன்றரை மீட்டர் கம்பி கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் உபரியாகிறது. முக்கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதை ஆறு ஸ்பானுக்குப் பிரித்தாலும் ஒவ்வொரு ஸ்பானின் நடுவிலும் 5 மில்லிமீட்டர் தொய்வு வரும், கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஸ்கேல் வைத்தும் பார்த்தேன்.

மாமாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான்பா வெயிட்டு தொங்கவிடறோம்" என்றார். நிஜத்தில் இரண்டு கம்பிக்கும் தலா 1000 கிலோ இழுவிசை, அது வெயிலிலும் மழையிலும் மாறக் கூடாது. அதனால் முனையில் கப்பிகள் வழியாக எடை தொங்கும், மூன்றுக்கு ஒன்று கணக்கில் இரண்டு கம்பிக்கும் சேர்த்து 665 கிலோ. கம்பி நீண்டால் எடை இறங்கும், சுருங்கினால் ஏறும். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கம்பியை அசையாமல் கட்டிவிடுவார்கள், மற்ற இடங்களில் கேன்டிலீவர் கம்பியோடு சேர்ந்து கதவு மாதிரி திரும்பிக்கொடுக்கும். நான் எல்லாக் கம்பத்திலும் சால்டர் வைத்து இறுக்கியிருந்தேன், முனையில் எதைத் தொங்கவிட்டாலும் அந்த இழுப்பு அடுத்த ஸ்பானுக்குப் போகாது.

பன்னிரண்டு கம்பத்திலும் சால்டரைக் கழற்றினேன். அடுத்தடுத்த ஸ்பானின் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்து, கேன்டிலீவரில் சின்னக் கொக்கி வளைத்து அதற்குள் கம்பி வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி வைத்தேன். போர்ட்டலில் மட்டும் சால்டர் அப்படியே. இரண்டு முனையிலும் கடைசிக் கம்பத்தின் பின்னால் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் பலகைக்குக் கீழே இறங்குகிறது, அதற்குள் கம்பி போய் அடியில் பால்பேனா ஸ்பிரிங்கில் மாட்டிக்கொள்கிறது. கம்பிக்கு ஒரு ஸ்பிரிங், பாதைக்கு நாலு, மொத்தம் எட்டு. வெளியே தெரிகிற எடைக்கு 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கான வாஷர்கள், பன்னிரண்டைக் கோத்துத் தொங்கவிட்டேன். எடை பொய், ஸ்பிரிங் நிஜம். கத்திரி முடியும் வரை தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஏறிப் பார்த்தேன், கம்பி இறுகியே இருந்தது.

பேன்டோ கம்பியைத் தொடவில்லை. ஒரு நூலால் அதைக் கட்டி ஒரு மில்லிமீட்டர் கீழேயே நிறுத்தியிருக்கிறேன். கிராஸ்ஓவருக்கு மேலே இரண்டு கம்பி சந்திக்கிற இடத்தில் ஒரு தடவை கொம்பு மாட்டி ஒரு ஸ்பானையே பிடுங்கிவிட்டது. பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் தெரிவதில்லை.

ஜூன் கடைசியில் மாமாவை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை டார்ச்சோடு வந்தார். கம்பியை நிமிர்ந்தே பார்க்கவில்லை, கம்பத்தின் காலடியில் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்ந்தார், டியூட்டியில் பாதை பார்ப்பது போல. போர்ட்டலின் வலது காலில் நின்றார். அங்கே பாண்ட் இல்லை. ஷார்ட் ஆன இரவில் அதற்குப் போடாமல் நிறுத்தியது, காகிதத்துக்கு மாறியபோது இடது காலுக்கு மட்டும் போட்டு இதை விட்டிருக்கிறேன்.

"இதுக்கு?" என்றார்.

காகிதம் மேஜையிலேயே இருந்தது. அவர் டார்ச் பிடிக்க, அப்போதே நறுக்கி ஒட்டினேன்.